தாய் பேச வேண்டிய இடம்

உள் அறையில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்த கீபோர்டு சத்தம் திடீரென்று நின்றது.

செண்பகத்தின் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்த கலையரசி தலையை நிமிர்த்தினாள். செண்பகம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடியும்வரை கை நிற்காது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவளுக்கு அது தெரியும்.

“மேடம், ஒரு பக்கம் காணோம்!”

கலையரசி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க இன்னும் பன்னிரண்டே நாட்கள். வாங்கக்கூடிய நீட்டிப்பையெல்லாம் வாங்கியாயிற்று. அந்த நாள் தவறினால் பதிவு ரத்து. ஒன்பது வருட உழைப்பு ஒன்றுமில்லாமல் போய்விடும். இந்த நேரத்திலா ஒரு பக்கம் காணாமல் போக வேண்டும்?

கையிலிருந்த தாள்களைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

கணினித் திரைக்குப் பக்கத்தில் கிளிப் போட்ட அட்டையில், பழைய ஆங்கில நாடகம் ஒன்றின் நகல் தாள் நின்றது. நானூறு வருடங்களுக்கு முன் லண்டனில் அச்சான புத்தகத்தின் படம் அது. எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆய்வேட்டின் பின்னிணைப்பாக, அச்சில் இருக்கிறபடியே வரிக்கு வரி அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள் செண்பகம்.

“பாருங்க மேடம். இந்தப் பக்கத்து அடியில வலது கோடியில ‘மதர்’னு ஒத்தை வார்த்தை தொங்குது. எல்லாப் பக்கத்துலயும் இப்படித்தான் ஒண்ணு தொங்குது. அதே வார்த்தையிலதான் அடுத்த பக்கம் ஆரம்பிக்குது. இதுல மட்டும் அடியில அம்மா பேசப்போறாங்கன்னு மதர்னு போட்டுக்கினு, அடுத்த பக்கத்துல செய்லர், அதான் மாலுமி, பேசறான். நடுவுல ஒரு தாள் விட்டுப்போயிருக்குது.”

கலையரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துவிட்டாள்.

“அய்யோ அக்கா, பயமுறுத்திட்டீங்க! பக்கம் எதுவும் போகலை. அந்தக் காலத்துல தாள் வரிசை மாறிடக் கூடாதுன்னு அடுத்த பக்கத்து முதல் வார்த்தையை அடியில போட்டு வெப்பாங்க. இந்த இடத்துல அச்சுக்காரன் தப்பாப் போட்டுட்டான். இந்த நாடகத்தைத் திரும்பப் பதிப்பிச்ச எல்லாரும் ‘அச்சுப்பிழை’ன்னு குறிப்பு எழுதிட்டாங்க. நீங்க இருக்கிறதை அப்படியே அடிங்க.”

மூலையில் ரெக்சின் அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்த செண்பகத்தின் கணவன் பார்த்திபன், “காணாமப் போன பக்கம் கெடச்சிதா, இல்ல நான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டு வரட்டுமா?” என்றான்.

“நீங்க பசையை ஒழுங்காத் தடவுங்க. போன தடவை ஒருத்தருக்கு அட்டையைத் தலைகீழா ஒட்டிக் கொடுத்தீங்களே, அந்த மனுசன் இன்னும் உங்களைத் தேடிக்கினு இருக்காரு” என்றாள் செண்பகம்.

மறுபடியும் கீபோர்டு ஓடத் தொடங்கியது. ஆனால் செண்பகத்தின் மனசு அந்த ஒற்றைச் சொல்லை விட்டு நகரவில்லை.

செண்பகத்துக்கு வயது ஐம்பத்தொன்று. பிறந்தது மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில். பத்தாவது முடித்ததும் அம்மா அஞ்சம்மாள், “பொம்பளப் புள்ளைக்குப் படிச்சது போதும்” என்றாள். அண்ணன் தெய்வசிகாமணிதான் ஒற்றைக்காலில் நின்று, திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் தங்கையைச் சேர்த்துவிட்டான். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்து, வலை உதறிய கையோடு அவளைப் பஸ் ஏற்றிவிட ஓடி வருவான். “எங்க குப்பத்துலயே மெஷின்ல அடிக்கிற மொதப் பொண்ணு எந்தங்கச்சிதான்” என்று நடத்துனரிடம் சொல்வான். நடத்துனர் தினமும் ஒரே பதிலைச் சொல்வார்: “சரிப்பா, நேத்தும் சொன்ன.”

டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில் அவள் தேறிய மாதத்தில்தான் அந்த அண்ணன் கடலோடு போனான்.

கல்யாணமாகித் திண்டிவனத்துக்கே வந்தாள். பார்த்திபன் பைண்டிங் தொழிலாளி. அவள் அடிப்பாள், அவன் கட்டுவான். இந்த இருபத்தாறு வருடங்களில் எத்தனை ஆய்வேடுகள்! மண்புழு, மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் வேரழுகல், சோழர் காலத்து ஏரி, இரும்பை ஊர்க் கோயில் கல்வெட்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேரின் ஆராய்ச்சி அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. எல்லா ஆய்வேட்டிலும் நன்றியுரையின் கடைசி வரியில் ‘நேர்த்தியாகத் தட்டச்சு செய்தவர்களுக்கும்’ என்று இருக்கும். பெயர் இருக்காது. அந்த வரியையும் அவளே அடித்துக்கொள்வாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் தாளைக் கொண்டு வந்தாலும், “இதுல இன்னா சொல்றீங்கன்னு ரெண்டு வரி சொல்லுங்க. கதை தெரிஞ்சாத்தான் எனக்குக் கை ஓடும்” என்பாள். பலர் சிரித்து மழுப்பிவிட்டுப் போவார்கள். கலையரசி ஒருத்திதான் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னவள்.

கலையரசி விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். அந்தக் காலத்து ஆங்கில நாடகங்களை மேடையில் எப்படி நடித்தார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பெண் வேடத்தைக்கூடப் பையன்களே கட்டினார்கள் என்று அவள் சொன்னபோது, “நம்ம கூத்து மாதிரியா?” என்று கேட்டு ஆச்சரியப்பட்டாள் செண்பகம்.

ஆய்வேட்டின் உயிர்நாடி நான்காம் இயல். எழுபது பக்கம். அது முழுக்க எழுதியவர் பெயர் தெரியாத இந்த நாடகத்தின் ஒரே ஒரு காட்சியைப் பற்றியது. ஒரு துறைமுகத்தில் ஒரு தாய். கப்பலில் போன மகன் செத்துவிட்டான் என்று ஒரு மாலுமி வந்து சொல்கிறான். “அவனைக் கடல் கொண்டது” என்று முடிக்கிறான். தாய் வாயே திறப்பதில்லை. மாலுமி மறுபடியும் பேசுகிறான்: “இல்லை அம்மா, அவன் தனியாக இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.” அவ்வளவுதான் காட்சி.

அந்தத் தாயின் மௌனத்தை நூறு வருடங்களாக அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். பேச்சற்ற துயரம்! அவள் கண்ணில் தெரியும் கேள்வியைப் படித்துவிட்டு மாலுமி பதில் சொல்கிறான்! அந்த மௌனத்தை மேடையில் ஒரு பையன் எப்படி நடித்திருப்பான் என்பதைத்தான் எழுபது பக்கத்தில் எழுதியிருந்தாள் கலையரசி. எழுதும்போது தானே அழுததாகச் சொன்னாள்.

அன்று மத்தியானம் முன் அறையிலிருந்து கலையரசியின் குரல் கோபமாக வந்தது.

“அக்கா! மூணாம் இயல்ல ஒரு பாராவையே விட்டிருக்கீங்க!”

செண்பகம் பதறிக்கொண்டு வந்து கையெழுத்துத் தாளையும் அச்சுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உண்மைதான். பதினோரு வரி போயிருந்தது.

“மன்னிச்சிக்குங்க மேடம். எப்படிப் போச்சின்னு தெரிஞ்சிபோச்சி. இதுக்கு முந்தின பாரா எந்த வார்த்தையில முடியுதோ, அதே வார்த்தையிலதான் விட்டுப்போன பாராவும் முடியுது பாருங்க. மொதப் பாராவை முடிச்சப்ப கேஸ் சிலிண்டர்காரன் வந்தான். எழுந்து போயிட்டு வந்து உக்காந்தேன். கடைசியா இன்னா அடிச்சோம்னு ஸ்கிரீனைப் பாத்துட்டு, அந்த வார்த்தையைத் தாள்ல தேடினேன். கண்ணு கீழ இருக்கிற வார்த்தை மேல உக்காந்துடுச்சி. அங்கருந்து அடிச்சிக்கினு போயிட்டேன். நடுவுல இருந்தது அம்போன்னு போச்சி. டைப் அடிக்கிற எல்லாரும் பண்ற தப்புதான் இது. நடுவுல எழுந்து போனா வர்ற வெனை.”

சொல்லி முடித்தவள் உள் அறைப் பக்கம் திரும்பி, கிளிப்பில் நின்ற பழைய தாளைப் பார்த்தாள். முகம் மாறியது.

“இன்னாக்கா?”

“ஒண்ணுமில்ல மேடம். விட்டதை இப்பவே அடிச்சித் தர்றேன்.”

மாலையில் கலையரசி விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போன பிறகு, செண்பகம் அந்தப் பழைய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நானூறு வருடங்களுக்கு முன் ஈய எழுத்துகளைக் கோத்தவன் எப்படி இருந்திருப்பான்? அவனும் அவளைப் போல ஒருத்தன்தானே! அவனுக்குப் பக்கத்திலும் ஒரு தாள் நின்றிருக்கும். அவனையும் யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

அவள் தன் எண்ணத்தைச் சொன்னபோது பார்த்திபன் பசைக் கையை உதறினான்.

“உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? இருக்கிறதை அடின்னாங்க, அடிச்சிக் குடு. பன்னெண்டு நாள்ல அந்தம்மா ஒப்படைக்கணும். இப்பப் போய் அவங்க எழுதின எழுபது பக்கமும் தப்புன்னு சொன்னா அந்தப் பொண்ணு நெஞ்சு வெடிச்சிடாதா?”

“தப்புன்னு தெரிஞ்சே எப்படிங்க அடிக்கிறது?”

“நீ இன்னா டாக்டரா? பத்தாங்கிளாஸ்!”

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் நினைப்பது தவறாக இருந்துவிட்டால்? சரியாகவே இருந்துவிட்டால்? அது இன்னும் பயங்கரம். ஒன்பது வருடமாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும், மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டும், பரீட்சைத் தாள்களுக்கு நடுவிலும் அந்தப் பெண் எழுதியதை ஒரு வார்த்தையில் சாய்த்துவிடும் உரிமை தனக்கு ஏது?

மறுநாள் காலையில் கலையரசி வந்து உட்கார்ந்ததும் செண்பகம் காபி கொடுத்தாள். பிறகு அந்தப் பழைய நாடகப் பக்கத்தை அவள் மடியில் வைத்தாள். அடியில் தொங்கிய சொல்லைத் தொட்டுக் காட்டினாள்.

“மேடம், கோவிச்சிக்காதீங்க. அடியில மதர்னு போட்டவன் தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தோணுது. சரியாத்தான் போட்டான். அந்தம்மா பேசியிருக்காங்க. அதைத்தான் விட்டுட்டான்.”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“மாலுமி பேச்சோட அந்தப் பக்கம் முடியுது. அடுத்து மதர் பேசணும்னு தாளைப் பாத்து, அடியில வார்த்தையைக் கோத்துட்டான். எழுந்து போயிட்டான். சாப்பாடோ, வேற வேலையோ. திரும்பி வந்து அடுத்த பக்கத்தை ஆரம்பிக்கிறான். கடைசியாக் கோத்தது இன்னா? ‘கடல் கொண்டது.’ அதைத் தாள்ல தேடறான். ரெண்டு எடத்துல இருக்குது. கண்ணு கீழ இருக்கிறது மேல உக்காந்துடுச்சி.”

“ரெண்டு இடத்துல எப்படிக்கா இருக்கும்? தாய் பேசினதே நமக்குத் தெரியாது. அவ பேச்சும் ‘கடல் கொண்டது’ன்னே முடிஞ்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

செண்பகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“எங்கண்ணன் கடலோட போனப்ப, சேதி சொல்ல வந்தவரு கூடப் போன தொரக்கண்ணு. வாசல்ல வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கினு நின்னாரு. ‘கடலு எடுத்துக்கிச்சிம்மா’ன்னாரு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்ல. எங்கம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘எடுத்துக்கிச்சா? எம்புள்ளையை எடுத்துக்கிச்சா?’ சேதி சொன்னவன் வாயில வந்த கடைசி வார்த்தையைத்தான் மேடம் புடிச்சிக்குவாங்க. அதையே திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. எங்க குப்பத்துல எந்த வீட்டுலயும் அப்படித்தான். அப்புறம் எங்கம்மா கேட்டாங்க: ‘வவுத்துக்கு எதுனா சாப்பிட்டானா? வெறும் வவுத்தோடயா எடுத்துக்கிச்சி?’ அதுக்கப்புறம்தான் தொரக்கண்ணு வாயைத் தொறந்தாரு. ‘சாப்பிட்டாம்மா, கேப்பைக் கூழு குடிச்சான், நான் பாத்தேன்’னாரு.”

கலையரசி அந்தப் பக்கத்தை எடுத்து மாலுமியின் வரியைப் பார்த்தாள்.

“சாவு சேதி கொண்டாந்தவன் தானா எதையும் சொல்ல மாட்டான் மேடம். கேட்டாத்தான் சொல்லுவான். ‘இல்லை அம்மா, தனியாக இல்லை’ன்னு இந்த மாலுமி சொல்றானே, யாரும் கேக்காமயா சொல்லுவான்? ‘தனியாவா எம்புள்ளையைக் கடல் கொண்டது’ன்னு அந்தம்மா கேட்டிருக்காங்க. அதைக் கோக்காம விட்டுட்டான் பாவி!”

கலையரசி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கலையரசி எழுந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

“உங்க அண்ணனைப் பத்திக் கேட்டு வருத்தமா இருக்குக்கா. ஆனா இது ஆராய்ச்சி. எத்தனை பெரிய பெரிய ஆளுங்க இதைப் படிச்சிருக்காங்க தெரியுமா? அவங்க யாருக்கும் தெரியாததா? பன்னெண்டு நாள்கூட இல்லை. பதினோரு நாள்! நான் இன்னா செய்வேன்? நீங்க… நீங்க டைப் அடிக்கிற வேலையை மட்டும் பாத்திருக்கலாம்க்கா.”

தாள்களையெல்லாம் வாரிப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நான்கு நாட்கள் செண்பகம் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! வேறு வேலையில் கை ஓடவில்லை. போன் மணி அடித்தால் ஓடுவாள். சிலிண்டர் கம்பெனியாக இருக்கும். “ஒரு பொண்ணோட பொழப்பைக் கெடுத்துட்டேனே” என்று புலம்பினாள். பார்த்திபன் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அவனே சமைத்தான். உப்பு அதிகம்.

ஐந்தாம் நாள் காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கலையரசி இறங்கினாள். கண் உள்ளே போயிருந்தது. தலை சரியாக வாரவில்லை. கையில் ஒரு கட்டுத் தாள், எல்லாம் புதிதாகக் கையால் எழுதியவை.

“அறுபத்து நாலு பக்கம்க்கா அந்த நாடகம். அடியில தொங்கற வார்த்தை அறுபத்து மூணு. எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் பாத்தேன். அறுபத்து ரெண்டு சரியா இருக்கு. அவ்வளவு கவனமா வேலை செஞ்சவன், ஒரே ஒரு எடத்துல மட்டும் எப்படித் தப்பு விடுவான்? எல்லாரும் அந்த வார்த்தைதான் தப்பு, பக்கம் சரின்னு நினைச்சிட்டோம். பக்கம்தான் தப்பு. வார்த்தை சரி.”

தாள்கட்டைச் செண்பகத்தின் முன் நீட்டினாள்.

“முதல் ரெண்டு நாள் உங்களைத் திட்டிக்கிட்டே பாத்தேன். மூணாம் நாள் திட்ட முடியலை. லீவு போட்டுட்டேன். எழுபது பக்கத்தையும் ஒதுக்கி வெச்சிட்டேன். புது இயல், நாப்பது பக்கம் வரும். இன்னும் ஏழு நாள் இருக்கு. முடியுமாக்கா?”

செண்பகம் அவள் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டு நேரே போய்க் கணினியைப் போட்டாள். கண்ணீரில் திரை கலங்கித் தெரிந்தது.

“இந்தா, அழுதுக்கினே அடிச்சா இன்னும் நாலு பாராவை விட்டுடுவ. ஜல்தி மூஞ்சைக் கழுவிக்கினு வா” என்றான் பார்த்திபன்.

அந்த ஏழு நாட்கள் அந்த வீட்டில் திருவிழாதான். கலையரசி முன் அறையில் எழுதுவாள், எழுத எழுதப் பார்த்திபன் தாளைக் கொண்டுபோய் உள்ளே கொடுப்பான், செண்பகம் அடிப்பாள். சந்தேகம் வந்தால் இரண்டு அறைக்கும் நடுவில் நின்று இரண்டு பெண்களும் பேசிக்கொள்வார்கள். அந்த மாலுமி எங்கே நின்றிருப்பான்? வாசலிலா, உள்ளே வந்தா? தாய்க்கு முதுகைக் காட்டியிருப்பானா? செண்பகம் நடந்து காட்டுவாள். கலையரசி எழுதிக்கொள்வாள். ஒருநாள் பார்த்திபனையே மாலுமியாக நிற்க வைத்தார்கள். “அவனைக் கடல் கொண்டது” என்று அவன் சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டான். “ஒரு சாவு சேதியைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல இந்த மனுசனுக்கு” என்று அவனை விரட்டிவிட்டார்கள்.

ஆறாம் நாள் கலையரசி பிழை திருத்தும்போது ஒரு இடத்தில் நின்றாள்.

“அக்கா, நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல அடிக்குறிப்பு ஒண்ணு எழுதியிருந்தேனே, அது எங்க?”

உள்ளே கீபோர்டு சத்தம் நின்றது.

“‘அச்சுக் கோத்தவரின் தவறு இவ்வாறே நேர்ந்திருக்க வேண்டும் என்று முதலில் விளக்கியவர் திருமதி செண்பகம், தட்டச்சாளர், திண்டிவனம்.’ இந்தக் குறிப்பு. காணோமே?”

“விட்டுப்போச்சி மேடம்.”

“எப்படி விட்டுப்போச்சி? சிலிண்டர்காரன் வந்தானா?”

செண்பகம் கதவோரம் வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். “வேணாம் மேடம். நன்றி சொல்ற பக்கத்துல கடைசி வரி போட்டுக்குங்க, எல்லாரும் போடற மாதிரி. ஆராய்ச்சிக்குள்ள என் பேரைப் போட்டா உங்களைத்தான் சிரிப்பாங்க. பத்தாங்கிளாஸ் சொன்னதை எழுதியிருக்கான்னு.”

“சிரிச்சா சிரிக்கட்டும். அடிங்க.”

அவள் அடித்தாள். தன் பெயரை இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆய்வேட்டுக்குள் அடித்தாள். ஒரே ஒரு சொல்தான்; அதை அடிக்க அவளுக்கு எவ்வளவோ நேரம் ஆனது.

கடைசி நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பசைகூட நன்றாகக் காயாத ஐந்து பிரதிகளை இரு கையிலும் சுமந்துகொண்டு கலையரசி பல்கலைக்கழகத்துக்குப் போனாள். ஒப்படைத்துவிட்டாள் என்று நாலரைக்குப் போன் வந்தது. ஆனால் செண்பகத்துக்கு நிம்மதி வரவில்லை. ஒப்படைத்தால் போதுமா? படித்துப் பார்ப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டாமா? தன் பேச்சைக் கேட்டு அந்தப் பெண் ஒன்பது வருடத்தை ஒரு சொல்லின்மேல் பணயம் வைத்திருக்கிறாளே! ஏழு மாதம் அந்தப் பாரம் அவள் நெஞ்சில் கிடந்தது.

வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள், சாயங்காலம் கலையரசி நேரில் வந்தாள். கையில் ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை, அவள் அப்பா நிலத்தில் விளைந்தது. கக்கத்தில் ஆய்வேட்டின் ஒரு பிரதி. வாசலைத் தாண்டும்போதே அழுதாள். செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா மேடம்… ஒத்துக்கலையா?”

“பட்டம் கொடுத்துட்டாங்கக்கா! கொடுத்துட்டாங்க!”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பார்த்திபன் இன்னது செய்வதென்று தெரியாமல் மல்லாட்டைப் பையை வாங்கிக்கொண்டு நின்றான்.

பிறகு கலையரசி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்தவர் வயதான பேராசிரியர். நான்காம் இயலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாராம். கூடம் முழுக்க ஆட்கள். இவளுக்கு வியர்த்துக் கொட்டியதாம்.

“அப்புறம் சொன்னாரு: ‘இந்தத் தாயின் மௌனத்தைப் பத்தி நானே என் புத்தகத்துல பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் இந்த அம்மா தப்புன்னு அடிச்சித் தள்ளிட்டாங்க.’ எனக்கு உயிரே போயிடுச்சி. அவரு சிரிச்சாரு. ‘விட்டுப்போன வரியில இன்ன வார்த்தைதான் இருந்துச்சின்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா அங்க ஒரு வரி இருந்துச்சின்னு இனிமே யாராலயும் மறுக்க முடியாது’ன்னாரு. கடைசியா ஒண்ணு கேட்டாரு. ‘நூத்திப் பதினெட்டாம் பக்கத்து அடிக்குறிப்புல இருக்கிறவங்க இங்க வந்திருக்காங்களா?’ன்னு.”

“அய்யோ!”

“கூப்பிட்டேனே, நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்க. ‘திண்டிவனத்துல வேலையா இருக்காங்க சார்’னு சொன்னேன். ‘அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க’ன்னாரு. சொல்லிட்டேன்.”

கலையரசி எழுந்து, கொண்டுவந்த பிரதியைச் செண்பகத்தின் கையில் வைத்தாள். சட்டென்று குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். செண்பகம் பதறித் தடுத்தாள்.

“ஐயோ, டாக்டரம்மா! இன்னா காரியம் இது!”

“அன்னைக்கு டைப் அடிக்கிற வேலையை மட்டும் பாருங்கன்னு சொன்னேனேக்கா. அதை நெனச்சா இன்னைக்கும் சோறு எறங்கல. நீங்க சொல்லாம விட்டிருந்தா, அந்தப் பொய்யைச் சுமந்துக்கிட்டு வாழ்நாள் பூரா டாக்டர்னு போட்டுக்கிட்டிருப்பேன்.”

“நான்தான் மேடம் உங்களுக்கு நன்றி சொல்லணும்.” செண்பகம் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “எங்கம்மா அன்னைக்கு அழுத அழுகையை முப்பது வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா யாரு கேப்பா? நீங்க கோவிச்சிக்கினு போனீங்க. ஆனா போய் அறுபத்து மூணு வார்த்தையையும் பாத்தீங்களே! நான் சொன்னது ஒரு பேச்சுன்னு எடுத்துக்கினு பாத்தீங்களே! அது போதும் எனக்கு.”

பார்த்திபன் தொண்டையைக் கனைத்தான். “ரெண்டு பேரும் நல்லாத்தான் நன்றி சொல்லிக்கிறீங்க. ராவும் பகலும் காய வெச்சி அட்டை கட்டினவனை ஒருத்தரும் கண்டுக்கல.”

“அண்ணே, நன்றியுரையில உங்க பேர் இருக்கு. பாருங்க!”

“அப்படியா? எங்க, எங்க?” என்று அவன் ஆய்வேட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனான்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. கலையரசி செருப்பை மாட்டிக்கொண்டாள். படியில் இறங்கித் திரும்பி, “கல்லூரியில பசங்களை வெச்சி அந்தக் காட்சியைப் போடப் போறேன்க்கா. தாய் பேசற எடத்துல உங்கம்மா கேட்டதைக் கேக்க வெக்கலாமா? கொஞ்சம் யோசிச்சிச் சொல்லுங்க” என்றாள்.

“யோசிக்கறதுக்கு இன்னா மேடம் இருக்குது. கேக்கட்டும். சத்தமாக் கேக்கட்டும்.”

கலையரசி கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தெருவில் நடந்தாள். மேம்பாலத்துப் பக்கம் அவள் திரும்பும்வரை செண்பகம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள்.